இருபதால் பெருக்கிய ஆயுள்

மனிதனின் ஆயுளை நீட்டுவது எப்படி என்று கண்டறிவதற்காக 1946-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக் கடற்கரையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. மூச்சை அடக்கி முத்துக் குளிப்பவர்கள் அதிக காலம் வாழக்கூடும் என்பது மேலிடத்தின் கருத்து. டைரக்டராக டாக்டர் தேவபிரசாதம் சென்னையிலிருந்து வந்தார். உதவியாளனாக நான் சேர்ந்தேன். எங்கள் கருப்பட்டிக் கடைக் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். முதல் சர்க்கார் சம்பளமும் என்னுடையதுதான். ஆகவே வேலை போய்விடுமோ என்ற பயம் சேர்ந்த அன்றே வந்துவிட்டது.

முதல் காரியமாக, சிலுவை என்ற குளியாளியைக் கூப்பிட்டு வயதைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் தம்பி? ஏழு குளிப்புப் பாத்தாச்சு" என்றார்.

எங்கள் ஊரில் அப்படியும் ஒரு கணக்கு உண்டு. முத்துக்குளிப்பு வருஷந்தோறும் நடப்பதில்லை. சிப்பி விளைந்து, சர்க்கார் அறிவித்தால்தான் நடக்கும். சில சமயம் அடுத்தடுத்து மூன்று வருஷம் நடக்கும். பிறகு நெடுங்காலம் பேச்சே இருக்காது.

டைரக்டர் யோசித்தார். "கடைசிக் குளிப்பு நடந்து எவ்வளவு காலம் ஆகிறது?"

"பதினெட்டு வருஷம், சார்."

"இருபது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குளிப்புக்கு இருபது. ஏழு குளிப்புக்கு?"

"நூற்றுநாற்பது, சார். ஆனால் அடுத்தடுத்த வருஷங்களில் நடந்தால்..."

"விதியில் ஆனால் கிடையாது, மிஸ்டர் ராஜதுரை."

சிலுவை என்னைத் தனியே இழுத்தார். "ஏலே, எனக்கு நூத்திநாப்பதா? எங்க அம்மைக்கே எழுபதுதான் இருக்கும்."

அவர் தாயார் இசபெல்லாவையும் விசாரித்தோம். "கூட்டம்னாலே எனக்கு ஆகாதுய்யா. ரெண்டு குளிப்புத்தான் பாத்திருக்கேன்" என்றாள். ஆகவே தாய்க்கு நாற்பது, மகனுக்கு நூற்றுநாற்பது என்று தீர்மானமாயிற்று.

"சார், மகன் தாயைவிட நூறு வயது மூத்தவராக இருக்கிறாரே."

"கடற்காற்று ஆண்களுக்கு அதிகமாக ஒத்துக்கொள்கிறது" என்றார் டைரக்டர். அதுவே நிலையத்தின் முதல் கண்டுபிடிப்பு.

செய்தி பரவியது. வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகுமுன் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சடக்கினார்கள். திருச்செந்தூருக்கு வந்த யாத்ரீகர்கள் அப்படியே இங்கும் வந்து சிலுவையை விழுந்து கும்பிட்டார்கள். ஜவுளிக்கடை வீரபாகு முதலாளி, தாம் எட்டுக் குளிப்புப் பார்த்ததாகச் சொல்லி நூற்றறுபது வாங்கிக்கொண்டார்.

மேலிடம் மெச்சியது. மெச்சிய கையோடு ஓர் உத்தரவும் போட்டது: நிலைய ஊழியர்களின் வயதும் நிலையத்தின் முறைப்படியே கணக்கிடப்பட வேண்டும்.

"நீர் எத்தனை பார்த்திருக்கிறீர்?" என்றார் டைரக்டர்.

எனக்குப் பொய் சொல்ல வராது. சிறு பிள்ளையாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அடுத்தடுத்து நடந்த மூன்றையும் பார்த்திருந்தேன்.

"அறுபது. ஓய்வு பெறும் வயது ஐம்பத்தைந்து. ஐந்து வருஷம் அதிகமாகவே உழைத்துவிட்டீர். நிலையம் நன்றி செலுத்துகிறது."

"நீங்கள், சார்?"

"நான் ஒன்றுமே பார்த்ததில்லையே."

வருகிற ஜூனில் ஓய்வு பெறவேண்டியவர், முறைப்படி இன்னும் பிறக்கவேயில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வருஷ சர்வீஸ் பாக்கி இருந்தது.

வழியனுப்பிய மாலையோடு வீட்டுக்குப் போனேன். "அறுபதாங் கல்யாணம் வைக்கலாம்னா, உனக்கு முதக் கல்யாணமே ஆகலியேலே" என்றார் அப்பா. எனக்குப் பெண் பேசியிருந்த வீட்டார் அதற்குப்பின் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

சிலுவைதான் ஆறுதல் சொன்னார். "கவலப்படாத தம்பி. சிப்பி விளைஞ்சு கெடக்கு. மூணு குளிப்பு வரட்டும். உங்க டைரக்டர நானே தோணியில ஏத்திக் காட்டுதேன். அவரும் அறுபது ஆயிருவாருல்லா."

இது டைரக்டர் காதுக்கு எட்டியது. குளிப்பு நடந்தால் ஊரே ஒரே நாளில் இருபது வயது மூப்படைந்துவிடும், ஆகவே பொதுமக்களின் ஆயுளை முன்னிட்டு அதை ஒத்திவைக்க வேண்டும் என்று அவர் ஒரு மனு தயாரித்தார். ஊர்ப் பெரியவர்கள் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். நூற்றெண்பதை நினைத்து வீரபாகு முதலாளி முதல் ஆளாகப் போட்டார். குளிப்பு நின்றது.

விளைந்த சிப்பி காத்திருக்காது. கடலடியில் அது கிழடாகிச் செத்துக்கொண்டிருந்தது. சிலுவை தோணியைக் கரையில் கவிழ்த்துவிட்டு, பிழைப்பில்லாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"அந்த மனுவுல நீயுமாலே கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டார்.

போட்டேன். எண்பது வயதுக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?