‘இங்கிஹ்’ சொன்ன புரோகிராம்

சுராபயா,
நோன்பு மாதம்.

அன்புள்ள தங்கை சுலஸ்திரிக்கு, அண்ணன் சுதிக்னோவின் ஆசிகள். நானும் மகள் வுலானும் நலம். மகாசாரில் நீயும் உன் வீட்டுக்காரரும் நலந்தானே? பெருநாளுக்கு வுலானைக் கூட்டி வா, அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் அவளைப் பெண் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் வருகிறோம். ஆனால் கப்பல் டிக்கெட் எடுத்த கூத்தைக் கேள்.

கப்பல் கம்பெனிக்கு வுலான் எழுதிய புரோகிராமில்தான் போனிலேயே பதிவு செய்தேன். “வாழ்த்துகள், இடம் உறுதி” என்று பூப்போட்டு வந்தது. துறைமுகத்துக்குப் போனால் கவுண்ட்டர் அம்மாள், “உங்க பேரே இல்லையே ஐயா” என்கிறாள். பின்னால் நின்ற பொனிமினுக்கும் சுகியோனோவுக்கும் அதே கதி. எல்லாரும் என்னைப்போல் ஒற்றைப் பெயர்க்காரர்கள்! இதென்ன மாயம் என்று மண்டை குடைந்தது. வீட்டுக்கு வந்து வுலானைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டாம் பேர் இல்லேன்னா உள்ள ஒரு தப்பு கிளம்புதுப்பா. உள்ள ஆளுக்கொரு வேலை பார்க்கிற குட்டித் துண்டுங்க இருக்கு, ஆப்ஜெக்ட்னு பேரு. ஒவ்வொண்ணும், தன்னால முடியலேன்னா வேலை கொடுத்தவர்கிட்டயே தப்பைத் தூக்கி எறியும். அவரும் பிடிக்கலேன்னா இன்னும் மேல போகும்.”

“யாருமே பிடிக்கலேன்னா?”

“புரோகிராமே படுத்துடும். அதான் நான் பிடிச்சேன்.”

“பிடிச்சு?”

“முழுங்கிட்டேன். எதுக்கு ஜனங்களைப் பயமுறுத்தணும்னு ‘வாழ்த்துகள்’ போட்டேன்.”

பார்த்தாயா கூத்தை! மனசுக்கு ஒவ்வாவிட்டாலும் சிரித்தபடி “இங்கிஹ்”, அப்படியே ஆகட்டும் என்போமே, அந்த ஜாவா மரியாதையைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவளுக்கே ஒற்றைப் பெயர்தான்! அவள் மேலதிகாரி சிஹோம்பிங், மனசில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கும் சுமத்ராவின் படாக் இனத்துக்காரர், மனுஷர் போனில் போட்ட சத்தம் அடுக்களை வரை கேட்டது: “தப்புன்னா வாயத் திறந்து சொல்லணும்மா! நாளைக்குள்ள சரி பண்ணலே, லீவும் கிடையாது, வேலையும் கிடையாது!”

பாவம், உட்கார்ந்து சரி பண்ணிவிட்டாள். இப்போது ஒற்றைப் பெயரையும் ஏற்கிறது, முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. எனக்கு ஆசை அடங்கவில்லை. கடலே இல்லாத பாண்டுங்குக்கெல்லாம் கப்பல் கேட்டுப் பார்த்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், பரம சந்தோஷம்! வேலை பிழைத்தது, லீவும் கிடைத்தது, டிக்கெட்டையும் அவளே எடுத்துவிட்டாள். “வாத்தியாரைப் பார்க்க வர்றேல்ல?” என்றேன். “இங்கிஹ், அப்பா” என்று சிரித்தாள். அவருக்குச் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். பெருநாள் கோழிக்குழம்பில் ஒரு கால் எனக்கு. இறைவன் உங்கள் எல்லோரையும் குறையின்றி வைக்கட்டும்.

உன் அண்ணன்,
சுதிக்னோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் கண்ணாடி போட்டு டிக்கெட்டைப் பார்த்தேன். பயணி ஒருவர். பெயர் சுதிக்னோ. இதை நான் முழுங்கப்போவதில்லை. வுலானைக் கூட்டி வா என்று வேலை கொடுத்தவள் நீதானே? உன்னிடமே தூக்கி எறிகிறேன், பிடித்துக்கொள்.