நானே ஊற்றிய நுரை

ஸ்பெயினுக்குப் போவதென்று முடிவு செய்தேன். அதை என் மனைவி சேனபுவிடம் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் சொந்தமாக எடுத்த முடிவுகள் மொத்தமே இந்த இரண்டுதான். இரண்டும் ஒரே நாளில்.

என் பெயர் மெதூன் ஜோப். செனகல் நாட்டுச் செயின்ட் லூயி மீனவர் குடியிருப்பில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. படகுகளுக்கு நுரை ஊற்றுகிறவன். என்னிடம் இரண்டு பீப்பாய்கள் உண்டு. ஒன்றில் தேன் நிறத் திரவம், மற்றதில் கறுப்பு. இரண்டையும் சரிசமமாக வாளியில் எடுத்து, இருபது எண்ணும்வரை கலக்கி, உடனே ஊற்றிவிட வேண்டும். இருபத்தைந்து எண்ணினால் வாளியோடு போச்சு. பொங்கி, முப்பது மடங்கு வீங்கி, கட்டையாக இறுகிவிடும். கையில் பட்டால் தோலோடுதான் வரும். ஒருமுறை குனிந்து பார்த்தபோது என் தொப்பி உள்ளே விழுந்தது. அது இன்றைக்கும் ஒரு படகின் ஐஸ் பெட்டிக்குள் இருந்துகொண்டு பக்கத்து நாடான மவுரித்தேனியா வரை போய்வருகிறது. நான் போனதில்லை.

ஐஸ் பெட்டியைச் சுற்றி ஊற்றினால் ஐஸ் உருகாது. படகின் அடித்தட்டுக்குக் கீழே ஊற்றினால் படகு மூழ்காது. மேலே இரண்டு முறை பூச்சு பூச வேண்டும். இல்லாவிட்டால் வெயில் பட்டு நுரை பழுத்து உதிர்ந்துவிடும். பூசி முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இருபது வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்பேன்.

இப்போது யாரும் ஐஸ் பெட்டி கேட்டு வருவதில்லை. பெட்டியில் போட மீன் இல்லை. அடிவானத்தில் பெரிய கப்பல்கள் நிற்கின்றன. கடலில் இருப்பதையெல்லாம் அவை வாரிக்கொண்டு போய்விடுகின்றன. எங்கள் குடியிருப்புக்கு ஒரு பக்கம் செனகல் ஆறு, மறுபக்கம் கடல். போன வருஷம் கடல் எங்கள் முன்னறையை எடுத்துக்கொண்டது. இந்த வருஷம் பிள்ளைகள் தூங்கும் அறையின் சுவரில் விரிசல். நான் ஸ்பெயினுக்குப் போக ஆசைப்பட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

சேனபுவிடம் ஏன் சொல்லவில்லை? அவள் தம்பி இப்ரா இரண்டு வருஷம் முன்னால் ஸ்பெயினுக்குப் படகில் போனான். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடிந்தால் சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஜோப் குடும்பத்தாரும் ந்ஜாய் குடும்பத்தாரும் எங்கே பார்த்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளலாம். சோற்றுக்கு அலைகிறவன், திருடன், என் பாட்டனார் வாங்கிய அடிமை, எது வேண்டுமானாலும். கோபப்படக் கூடாது, சிரிக்க வேண்டும். சாவு வீட்டில்கூடத் திட்டிச் சிரிக்கவைப்போம். நான் ஜோப், சேனபு ந்ஜாய். மனைவியாகப் பேசும்போது "நீங்க" என்பாள். ந்ஜாயாகப் பேசும்போது "டேய் ஜோப்"தான். பன்னிரண்டு வருஷமாக என் வீட்டில் ந்ஜாய்தான் அதிகம் பேசியிருக்கிறாள். இந்த வழக்கத்தில் ஒரே ஓர் ஆபத்து. எதிராளி உண்மையைச் சொன்னாலும் நாம் சிரித்துவிடுவோம்.

ஸ்பெயினுக்குப் போகிற படகு எங்கள் தெரு பதராவுடையது. நாற்பது பேர். வியாழக்கிழமை, மாலை அஸர் தொழுகை முடிந்ததும், மீன்பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி கிளம்புவதாக ஏற்பாடு. அடித்தட்டுக்குக் கீழே நான்தான் நுரை ஊற்றினேன். அதற்குக் கூலியாக எனக்கு ஓர் இடம். வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவிகள் இரண்டையும் பதரா என்னிடமே கொடுத்து வைத்தான். "என் வீட்டைப் போலீஸ் சோதிக்கும். உன்னை எவன் சந்தேகப்படுவான்?" என்றான். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். கருவிகள், என் கம்பளிச் சட்டை, ஓதிக் கட்டிய தாயத்து எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகச் சுற்றிக் கொட்டகையிலிருந்த காலிப் பீப்பாய்க்குள் போட்டு மூடினேன். உலகத்திலேயே பத்திரமான இடம். ரசாயன நாற்றத்துக்குப் பயந்து சேனபு அந்தப் பக்கமே வரமாட்டாள்.

திங்கட்கிழமை அவள் ஆரம்பித்தாள்.

"டேய் ஜோப், ஊர்ப் படகுக்கெல்லாம் நுரை ஊத்தற. உன் பிள்ளைங்க தூங்கற அறைக்கு எப்போ ஊத்தப் போற? கடல் வந்து பாயை உருவினதுக்கு அப்புறமா?"

எட்டு மாதமாகக் கேட்கிறாள். விரிசல் விட்ட சுவருக்கு உள்பக்கம் பலகைச் சுவர் ஒன்றும் அடித்து வைத்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. போகிற போக்கில் இதைச் செய்துவிட்டுப் போனால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நாளைக்கே ஊத்தறேன், போதுமா?"

"என்ன திடீர்னு?"

"நான் நல்லவனா இருக்கக் கூடாதா?"

"இரு. ஆனா பழக்கமில்லாததைத் திடீர்னு செஞ்சா உடம்புக்கு ஆகாதுடா, பாத்துக்கோ."

மறுநாள் வாளியோடு உள்ளே போனால் அறைக்குள் நிற்க இடமில்லை. தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பதராவின் மனைவி நாஃபி முன்வரிசையில் நின்றாள்.

"எதுக்கு இத்தனை பேர்?"

"ஜோப் வேலை செய்யறதை இவங்க பாத்ததே இல்லையாம். சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நேர்ல காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இடைவெளி பெருசு சேனபு. நுரை பத்தாது."

"தெரியும். அதான் காலி பாட்டில், வீட்டுக்கு வேண்டாத சாமான் எல்லாம் உள்ள போட்டு அடைச்சு வெச்சிருக்கேன். நீதானடா சொல்லுவ, இடத்தை அடைச்சா நுரை மிச்சம்னு!"

என் தொழிலை என் மனைவி இவ்வளவு கவனித்திருக்கிறாளே என்று பூரித்துப்போனேன். நாஃபி முன்னால் வந்து மேல்துணிக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இடைவெளிக்குள் போட்டாள். அடுத்தவளும் போட்டாள். வரிசையாக எல்லோரும்.

"இது என்ன நாஃபி?"

"எங்க வீட்லயும் வேண்டாத சாமான் கிடந்துச்சு அண்ணே. வெச்சிருந்தா கெட்டது நடக்கும்னு தோணிச்சு."

"தாராளமா போடுங்க! எனக்கு நுரை மிச்சம்!" என்றேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

இரண்டு திரவத்தையும் வாளியில் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"உன் பங்குக்கு என்ன போட்ட சேனபு?"

"உன் ரெண்டு காலையும் போட்டிருக்கேன்டா ஜோப். பாத்து ஊத்து, வலிக்கப்போவுது."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று.

"உன் ஸ்பெயினும் இதுக்குள்ளதான் இருக்கு."

என் கை நின்றது. ஒரு நொடிதான். பதினாறில் நின்றிருந்தேன். வாளி சூடாகத் தொடங்கிவிட்டது. யோசிப்பதென்றால் நாலு எண்ணிக்கைக்குள் யோசிக்க வேண்டும். அவ்வளவு வேகமாக நான் எந்தக் காலத்திலும் யோசித்ததில்லை. பேசியது ந்ஜாய்தானே, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே ஊற்றினேன்.

நுரை பொங்கி வந்தது. பாட்டில்களை மூடிற்று, பொட்டலங்களை மூடிற்று. பலகை பிதுங்கிவிடக் கூடாது என்று நாலு தடவையாகப் பிரித்து ஊற்றினேன். மேலே வழிந்ததைச் செதுக்கினேன். புதன்கிழமை காலையில் ஒரு பூச்சு, மாலையில் ஒரு பூச்சு. அப்படி ஒரு வேலை என் வாழ்நாளில் செய்ததில்லை. உள்ளங்கையால் தட்டி, "இருபது வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்றேன். பார்க்க வந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். நாஃபி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பூச்சு நெடி என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் சோறும் மீனும் சாப்பிட்டேன். மீன் என்றால் வால் பக்கம் ஒரு துண்டு. இதுதான் இந்த வீட்டில் கடைசிச் சாப்பாடு என்று முள்ளைக்கூட விடாமல் சப்பினேன். பிள்ளைகள் தலையைத் தடவிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பீப்பாயைத் திறந்தேன்.

"சேனபு! இந்தக் காலிப் பீப்பாயில..."

"என்ன?"

"உள்ள ஒரு மூட்டை..."

"காலிப் பீப்பாய்க்குள்ள எப்பிடிடா மூட்டை இருக்கும்?"

"விளையாடாத! எங்க வெச்ச?"

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன். ஊரே கேட்டுச்சு. நீ சிரிச்ச."

அதற்குள் பதரா ஓடிவந்தான். வேர்த்து ஊற்றியது.

"மெதூன், கருவிகளை எடு! என் வீட்ல பெட்ரோல் குழாயைக் காணோம். ஒருத்தன் மிதவைச் சட்டை காணோங்கறான், ஒருத்தன் செருப்பு காணோங்கறான். நாஃபியைக் கேட்டா, ஜோப்பைக் கேளுங்கறா!"

நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தோம். வெள்ளைவெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல் நின்றது. நாற்பது பேருடைய பயணம் அதற்குள் இருந்தது. என் கையாலேயே, ஒரு சொட்டு வீணாக்காமல் மூடியிருந்தேன்.

"உடைடா," என்றான் பதரா.

நுரை அறுக்கும் நீளக் கத்தியை எடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அலை ஒன்று வந்து மோதியது. அறையே அதிர்ந்தது. சேனபு குறுக்கே வந்து நிற்கவில்லை. பிள்ளைகளின் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"அறுங்க. நான் தடுக்கல," என்றாள். "பிள்ளைங்கள எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு வரேன், அப்புறம் அறுங்க. இந்த வாரம் பெரிய அலை. சுவர் திறந்தா நாளைக்கு இந்த அறை இருக்காது."

'நீங்க' என்று சொன்னாள். பேசியது ந்ஜாய் இல்லை, என் மனைவி.

"சேனபு, அது மூழ்காத படகு. நானே ஊத்தினது."

"தெரியும். இப்ரா போன படகும் நீங்க ஊத்தினதுதான்."

சொல்லியே ஆக வேண்டியதாகிவிட்டது. இப்ரா கிளம்பி இரண்டு மாதம் கழித்து, ஆழ்கடலில் அந்தப் படகை மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்தார்கள். கவிழவில்லை, ஒழுகவில்லை. நேராக மிதந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. செய்தி வந்த அன்று நான் முதலில் வாய் திறந்து என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, மூழ்கல." சேனபுவிடம் சொன்னேன். தம்பியைப் பறிகொடுத்தவளிடம் என் நுரையின் பெருமையைப் பேசினேன். அதை அவள் மறந்துவிட்டாள் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மூழ்கலதான்," என்றாள் சேனபு. "நீங்க சொன்ன மாதிரியே முழுசா கிடைச்சுது. தண்ணி தீர்ந்து போச்சா, பசியா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கடல்ல எறங்கினாங்களா, அதைப் படகு சொல்லல. நீங்க போனா உங்க படகும் கிடைக்கும். பிள்ளைங்க கேட்டா அதைக் காட்டட்டுமா?"

கத்தியைக் கீழே வைத்தேன். அழுதேன். பதரா பார்க்கிறானே என்றுகூடத் தோன்றவில்லை.

"பொண்டாட்டிக்குப் பயந்த பய," என்றான் பதரா.

"ஆமாண்ணே," என்றேன்.

இன்னும் ஏதோ திட்ட வாய் திறந்தான். வாசலில் நாஃபி கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். அன்றைக்கு அந்தப் படகு கிளம்பவில்லை. ஸ்பெயின் ஆசை யாருக்கும் செத்துப்போகவில்லை. கடலில் மீனும் வந்துவிடவில்லை. ஆனால் நாற்பது பேரும் அன்று வீட்டில் சாப்பிட்டார்கள்.

நான் பிழைத்தேன் என்று சந்தோஷப்படவா, ஏமாந்தேன் என்று வெட்கப்படவா என்று தெரியாமல் ஒரு மாதம் தெருவில் தலை காட்டாமல் கிடந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் சேனபு வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

"டேய் ஜோப், எழுந்திரு. பள்ளிவாசல் தெருவுல நாலு வீட்ல சுவருக்கு நுரை ஊத்தணுமாம்."

"நாலு வீட்லயா? யார் கேட்டா?"

"வீட்டுக்காரங்க கேக்கல. அவங்க பொண்டாட்டிங்க கேட்டாங்க. உள்ள எட்டிப் பாக்காத. ஊத்து."

முதல் வீடு தாவூதாவுடையது. நல்ல திடமான ஆள். சுவரோரம் நாற்காலி போட்டு, தேநீர்க் கோப்பையோடு என்னை வேடிக்கை பார்த்தான். இடைவெளிக்குள் பாட்டில்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டையின் வார் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கலக்கத் தொடங்கினேன்.

"ஏண்டா மெதூன்," என்று தாவூதா தொடையில் தட்டிச் சிரித்தான், "உன் பயணத்தை உன் பொண்டாட்டி உன் கையாலேயே சுவத்துக்குள்ள வெச்சு மூட வெச்சுட்டாளாமே! நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?"

பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"அதை ஏண்ணே கேக்கறீங்க," என்றேன். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பொங்கும்."