மாயாண்டியின் லேசான பிரேம்

பாரம் குறைப்பவர் என்றொரு இனம் உண்டு, தெரியுமா? இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து வலப்பனை வரை எந்தக் கடைவீதியிலும் தட்டுப்படுவார். கையில் ஒரு ஸ்பேனர், வாயில் ஓயாத பேச்சு, எதைக் கண்டாலும் அதில் எதைக் கழற்றலாம் என்று மேய்கிற கண்.

கொட்டகலை பஜாரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் மாயாண்டி அந்த இனத்துக்கே தலைவர். இரண்டாயிரத்து நாலில், தேயிலைத் தோட்டத்து பங்களா ஒன்றில் கழித்துப்போட்ட நாலு சக்கர மோட்டார் சைக்கிளை, அதுதான் குவாட் பைக்கை, உருட்டிக்கொண்டு வந்தார். எதற்கு? கொழுந்து பறிக்கிற மனைவி பூரணி, கீழ் மலையிலிருந்து சாக்கைத் தலையில் சுமந்து ஏறி வருகிறாளே, அவளுக்காக! மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை எடை போட்டு முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு அரைச் சம்பளம்தான்.

"இனி ஒன் தலையில ஒரு பொட்டுச் சுமை இருக்காது புள்ள."

பூரணிக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் பாரம் குறைப்பவர் வண்டியை வண்டியாக விடுவாரா? இரும்பு பிரேம் கனக்கிறது, மேட்டில் இஞ்சின் அதை இழுத்தே சாகிறது என்று அதை வெட்டி எறிந்து, அலுமினியக் குழாயில் புது பிரேம் வளைத்து ஒட்டி, மட்கார்டைக் கழற்றி, பின்னாலிருந்த கேரியரைக் கழற்றி, மிச்சமிருந்த இரும்பிலெல்லாம் ஓட்டை போட்டு, டீ குடிக்க வந்தவர்களையெல்லாம் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்கினார். நியாயத்தைச் சொல்ல வேண்டும்: வெறும் வண்டி சேற்றிலும் மேட்டிலும் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது.

முதல் சாக்கு வந்தது.

"ஏங்க, கேரியர் இல்லாம இத எங்கன வைக்கிறது?"

மாயாண்டி தலையைச் சொறிந்தார். சாக்கை சீட்டின் பின்பாதியில் வைத்துக் கட்டி, முன்பாதியில் ஒண்டி உட்கார்ந்து புறப்பட்டார். மேட்டில் முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பின.

"முன்னுக்கு பாரம் பத்தல. நீ ஏறிக் குந்து புள்ள."

பாரத்தைக் குறைக்க மாதக்கணக்காகப் பாடுபட்ட மனிதர் பாரம் தேடுகிறார்! பயந்து பயந்து பூரணி முன்னால் குந்தினாள். பாதி மேட்டில் 'டப்' என்றது. வெல்டிங் விட்டு பிரேம் இரண்டாகப் பிரிந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாயாண்டி அசருவாரா?

"பாத்தியா லேசான பிரேமோட அருமைய! இரும்புன்னா இங்கனயே கெடக்கும். இத ஒரு கையில நீயே தூக்கிரலாம், சாக்கோட."

"அப்ப நீங்க எதத் தூக்குவீங்க?"

"நானா? சாவி என்கிட்டதான இருக்கு!"

பூரணி சாக்கை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மடுவத்தில் தராசைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அரைச் சம்பளம்.

நீங்கள் சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நாளைக்குக் குடும்பத்தோடு பஸ் பிடிக்கக் கைவீசி நடக்கையில் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், பைகளெல்லாம் யார் கையில் வருகின்றன என்று.