என் மகளின் ஆய்வுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

அனுப்புநர்:
கோ. விருத்தாசலம், குடிநீர்த் தொட்டி ஆபரேட்டர், ஆலந்தாங்கல் ஊராட்சி, திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு துறைத் தலைவர் அம்மா அவர்கள், குடும்பம், இளைஞர் மற்றும் சமுதாய அறிவியல் துறை.

பொருள்: என் மகள் செய்யாத தவறு – அதை நான் செய்தது – ஒப்புக்கொள்வது – தொடர்பாக.

பார்வை: தாங்கள் செவ்வாய்க்கிழமை மாலை என் மகளிடம் தொலைபேசியில் பேசியது (நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது).

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் துறையில் உள்ள மற்ற ஆசிரியப் பெருமக்களும் நலமாக இருக்க மேல்மலையனூர் அங்காளம்மனை வேண்டுகிறேன். இங்கு நானும் என் மனைவி முனியம்மாளும் நலம். தொட்டியும் நலம். போன மாதம்தான் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம்.

தங்களிடம் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும் கலைப்பிரியாவின் தகப்பன் நான். எங்கள் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். அவள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் சுருக்கிச் சொல்வதில்லை. குடும்பம், இளைஞர் மற்றும் சமுதாய அறிவியல் என்று முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன். அவளுக்கு இடம் கிடைத்தபோது கூட்டு ரோட்டில் பத்துக்கு எட்டு அளவில் பேனர் வைத்தேன். படிப்பின் பெயர் நீளமாக இருந்ததால் என் போட்டோவுக்கு இடம் பற்றவில்லை. அதனால் எனக்கு வருத்தமில்லை. ஓமந்தூரில் இருக்கும் என் மச்சான் வெங்கடாசலம் அந்தப் பேனரின் அடியில் நின்று, "குடும்பம் நடத்தறதுக்கு எவனாவது காலேஜுக்குப் போவானாய்யா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டார். "நீங்க நடத்தற லட்சணத்தப் பாத்துட்டுத்தான் மச்சான் இதுக்குன்னு காலேஜே தொறந்துக்கினு கீறாங்க" என்றேன். ஏழு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை. முனியம்மாள் தன் அண்ணனுக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசி ஆண்டு ஆய்வுக்காகக் கலைப்பிரியா எங்கள் தெருவின் நாற்பது வீடுகளை எடுத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு கட்டம் போட்ட தாள். எந்த மணிக்கு யார் என்ன வேலை செய்தார்கள் என்று வீட்டில் இருக்கும் ஆணும் பெண்ணும் தனித்தனியாக எழுத வேண்டும். எதற்கு என்று கேட்டேன். "வீட்டு வேலைய யாரு எவ்ளோ நேரம் செய்றாங்கன்னு பாக்கறதுக்குப்பா" என்றாள். எனக்குக் கவலை வந்துவிட்டது. ஏன் என்றால் எங்கள் தெரு ஆண்கள் எவ்வளவு நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டம் போடவே தேவையில்லை. பல்கலைக்கழகம் வரைக்கும் போகப்போகிற தாள், அதில் என் மகள் பிறந்த தெருவின் மானம் போகலாமா?

அம்மா, நான் இருபத்திரண்டு வருடம் தொட்டி ஆபரேட்டர். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே ஊரைத் தயார் செய்வது என் பொறுப்பு. பிளீச்சிங் பவுடர் தூவுவது, குளோரின் பதிவேட்டில் விட்டுப்போன நாட்களை ஒரே பேனாவால் எழுதாமல் நாலு பேனாவால் எழுதுவது, அதிகாரி கேட்டால் தண்ணீர் தினமும் வருகிறது என்று சொல்லத் தெருவுக்கு இரண்டு ஆட்களைப் பழக்குவது, எல்லாம் எனக்குக் கை வந்த வேலை. ஆய்வு என்று சொன்னதும் அந்தப் பழக்கத்தில் இறங்கிவிட்டேன். முதலில் என் தாளை நிரப்பினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிப்பது, பாத்திரம் துலக்குவது, மனைவிக்குக் காபி கொடுப்பது, துணி துவைப்பது என்று எழுதிக்கொண்டே போனேன். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வந்தது. தூக்கத்தில் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்தேன். பிறகு அந்தத் தாளை ஜெராக்ஸ் போட்டு நாற்பது வீட்டு ஆண்களிடமும் கொடுத்து, "இத மனப்பாடம் பண்ணிக்கோங்க, தாள்ல அப்படியே எழுதுங்க, நம்ம பொண்ணு கேட்டாலும் இதையே சொல்லுங்க" என்றேன்.

என் தாளைப் படித்துப் பார்த்த முனியம்மாள் அதைத் திருப்பி என்னிடம் நீட்டி, "இந்த ஆளு யாருன்னு தெரியல, ஆனா தங்கமான மனுசனாக் கீறான். நம்ம வீட்லயா குடியிருக்கான்? நான் பாத்ததே இல்லியே" என்றாள்.

ஆண்கள் எல்லோரும் நன்றாக ஒத்துழைத்தார்கள். சிலர் அளவுக்கு மீறி ஒத்துழைத்ததுதான் பேஜாராகிவிட்டது. விழுப்புரம் – திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் நெடுஞ்செழியன், தினமும் சோறு தானே ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார். குக்கரில் எத்தனை விசில் வைப்பீர்கள் என்று கலைப்பிரியா கேட்க, "நிக்கறதுக்கு ஒண்ணு, கெளம்பறதுக்கு ரெண்டும்மா" என்று பதில் சொல்லியிருக்கிறார். கோடி வீட்டு சீனுவாசன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்கிறவர், அமாவாசைக்கு அமாவாசைதான் ஊருக்கு வருவார். அவர் தாளை நானே நிரப்பினேன். தினமும் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார் என்று எழுதியதை வாசிக்கக் கேட்டு அவர் சின்ன மகள், "அப்பா எப்போ வந்தாரு?" என்று வாசலுக்கு ஓடிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளை திரும்பி வந்த முகத்தை என்னிடம் சொன்னார்கள். அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது அம்மா.

செவ்வாய்க்கிழமை மாலை தாங்கள் போன் செய்தீர்கள். கலைப்பிரியா குறிப்பு எழுதுவதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "உங்க தெருவுல ஆண்கள் சராசரியா அஞ்சே கால் மணி நேரம் வீட்டு வேலை செய்யறாங்கன்னு கணக்கு வந்திருக்கு. இருபது வருஷமா நான் இந்தக் கணக்கு எடுக்கறேன், எங்க வீட்லயே அரை மணிக்கு மேல வந்ததில்ல. இது நீயே உக்காந்து எழுதினதுன்னா இந்த ஆய்வை நான் ஏத்துக்க முடியாது. வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன்" என்றீர்கள். அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது, நான் வால்வு திறக்க ஓட வேண்டியதாயிற்று. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கூப்பிட்டால், "கொஞ்சம் இருப்பா" என்கிறாள். இரண்டு வருடப் படிப்பு என்னால் பாழாகிறதே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

எழுதியது பொய்யாக இருந்தால்தானே குற்றம், அதை உண்மையாக்கிவிட்டால் என்ன என்று புதன்கிழமை ஒரு யோசனை வந்தது. தாளில் எழுதியபடியே ஒரு நாள் முழுக்கச் செய்து பழகிக்கொள்வோம், வெள்ளிக்கிழமை தாங்கள் வரும்போது கண்ணால் பார்க்கட்டும் என்று ஜல்தியாக ஆரம்பித்தேன். வாசல் தெளித்த தண்ணீர் பக்கத்து வீட்டு ஸ்கூட்டி சீட்டில் போய் நின்றது. பிறகு கேப்பைக் கூழ் கிண்ட உட்கார்ந்தேன். கிண்டக் கிண்டக் கட்டி கட்டியாகத் திரண்டதே தவிரக் கூழாகவில்லை. அந்த மும்முரத்தில் ஆறு மணிக்கு வால்வு திறக்க மறந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஆறரைக்கு நாற்பது வீட்டுப் பெண்களும் குடத்தோடு என் வாசலில் நின்றார்கள். "மொதல்ல வால்வத் தொறங்க, அப்பறமா கூழு கிண்டலாம்" என்று கண்டக்டர் வீட்டம்மா ரோஜா சொன்னார். கையில் கரண்டியோடே வால்வுக்கு ஓடினேன்.

அன்று மத்தியானம் முனியம்மாள் எழுதிய தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதில் பொய் இல்லை, ஏன் என்றால் பெண்களுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலரை மணிக்கு ஆரம்பிக்கிறது. இரவு பத்து வரை காலியாக ஒரு கட்டம் கூட இல்லை. இந்த ஊரில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரிகிறது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்கக் கட்டம் போட்ட ஒரு தாளும், அதைக் கொண்டுவர என் மகளும் வேண்டியிருந்தது என்று நினைத்தபோது, வெட்கத்தோடு பெருமையாகவும் இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மச்சான் வெங்கடாசலம் அடுத்த தடவை வாயைத் திறந்தால் காட்டுவதற்கு.

ஆகவே அம்மா, எல்லாத் தவறும் என்னுடையது. கலைப்பிரியாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவள் வெள்ளை மனது, யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். தயவுசெய்து அவள் ஆய்வைத் தள்ளிவிட வேண்டாம். தண்டனை எதுவாக இருந்தாலும் எனக்குக் கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், இதில் என் பெயர் எங்கும் வெளியே வரக்கூடாது. ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. இதற்குச் சாட்சியாக நாற்பது ஆண்களும் கையெழுத்திட்ட ஒப்புதலை இத்துடன் இணைத்துள்ளேன். மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போயிருந்த பத்துப் பேருக்கும், ஊரில் இல்லாத சீனுவாசனுக்கும் மட்டும் நானே போட்டேன், வேறு வேறு பேனாவால்.

தங்கள் பிள்ளைகளும் தங்களிடம் படிக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். வெள்ளிக்கிழமை வரும்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். கூழ் என் மனைவி கிண்டுவாள், பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. விருத்தாசலம்

பின்குறிப்பு: தங்கள் விலாசத்தைக் கேட்கப் போனதில் கலைப்பிரியா இந்தக் கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே முழுவதும் படித்துவிட்டாள். கண்டக்டர் விசில் வந்த இடத்தில் சிரித்தாள். தன் அம்மாவின் தாள் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. பிறகு, "மூணாவது வீட்லயே எனக்குத் தெரிஞ்சி போச்சுப்பா. நாப்பது பேரும் காலைல ஆறு மணிக்கு 'வால்வு திறத்தல்'னு எழுதிக்கினு கீறாங்க. நம்ம தெருவுக்கு இருக்கறது ஒரே வால்வு" என்றாள். நான் வால்வுக்கு ஓடிய பிறகு எல்லாவற்றையும் அவள் தங்களிடம் சொல்லிவிட்டாளாம். ஆண்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று குழாயடியில் பெண்களைத் தனியாகக் கேட்டு எழுதி வைத்த தாள்களும் அவளிடம் இருக்கின்றனவாம். இதையே நான்காம் அத்தியாயமாக எழுதச் சொல்லித் தாங்கள் பாராட்டினீர்களாம். சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியது அதைத்தானாம். அந்த அத்தியாயம் முழுக்க நான்தானாம். ஆனால் பெயர் போடக்கூடாது என்பது விதியாம், 'தகவலாளர் 17' என்று போட்டிருக்கிறாள். அம்மா, மேலே பெயர் வெளியே வரக்கூடாது என்று எழுதியதை அடித்துவிடவும். என் மகள் எழுதுகிற புத்தகத்தில் நான் வெறும் பதினேழா? பெயரை முன்னெழுத்தோடு போட ஆவன செய்ய வேண்டும்: கோ. விருத்தாசலம், கலைப்பிரியாவின் தகப்பனார்.