கிழக்கே கும்பிட்ட குற்றவாளி

ஓடிப்போனவனைப் பிடித்துவர அனுப்பப்படுகிறவன் பெரும்பாலும் எதையுமே பிடிக்கத் தெரியாதவனாகத்தான் இருப்பான். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டம் என்னை அனுப்பியது. (கோழி பிடிக்கச் சொன்னாலே எனக்கு மூச்சு வாங்கும்.)

ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான் அங்கே சின்னக் கிராணி. கணக்கு எழுதுகிற வேலை, கவர்னர் மாதிரி நடை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆள்களெல்லாம் வரிசையாக நின்று, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து கும்பிட வேண்டும். கிழக்கு என்று எங்கள் ஜப்பான்கார அதிகாரி சொல்லியிருந்தார். பால்மரம் வெட்டும் சின்னசாமி அண்ணனோ, வேலைக்குப் போகுமுன் வடக்கு எல்லை முனீஸ்வரனைக் கும்பிட்டே பழகியவர். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் வடக்கே குனிந்துவிட்டார். சக்கரவர்த்திக்கு விலாவைக் காட்டிவிட்டான், சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பு என்று அதிகாரி குதித்தார். அங்கே போனவர்கள் பலர் திரும்பியதில்லை. அன்றே அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கத் தோட்டம் ஒன்றுக்கு ஓடிவிட்டார்.

"போய்க் கூட்டிக்கிட்டு வா. வெறுங்கையோட வந்தா அவனுக்குப் பதிலா நீதான் சயாம் போவணும் லா," என்றார் ஆள்களை வேலை வாங்கும் மண்டோர்.

டயருக்குப் பதில் தண்ணீர்க்குழாய் மாட்டிய சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணி, சண்டைக்கு முன் ஈப்போ கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு நாட்டுக் குற்றவாளியை இன்னொரு நாடு கேட்டால் எப்படி ஒப்படைப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதைப் பயன்படுத்த ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"தாரோம் தம்பி. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. அவரு செஞ்சது உங்க எடத்துலயும் குத்தமா இருக்கணும், எங்க எடத்துலயும் குத்தமா இருக்கணும். என்ன செஞ்சாரு?"

"வடக்கப் பாத்துக் கும்பிட்டாருங்க."

"நாங்களும் வடக்கதானே கும்பிடுறோம்!"

"ஜப்பான் கிழக்கால இருக்குங்கய்யா."

"ஜப்பான்காரன் எந்தப் பக்கமா வந்தான்? சயாம் பக்கமா. அது வடக்கா, கிழக்கா?"

(அந்தத் தோட்டத்து ஜப்பான்கார அதிகாரிக்கும் சந்தேகம் இருந்ததாம். வாய்திறந்தால் சொந்த நாடு எங்கே என்று தெரியாதவர் ஆகிவிடுவாரே!)

காலைப் பெரட்டை நேரிலேயே பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுத் தங்கினேன். மறுநாள் குனியச் சொல்லிச் சத்தம் வந்ததும், என் முதுகு என்னைக் கேட்காமலே கிழக்கே குனிந்தது. தோட்டமே வடக்கே குனிந்திருந்ததால், என் தலை பக்கத்து ஆளின் இடுப்பில் போய் முட்டியது. நிமிர்ந்து பார்த்தால் சின்னசாமி அண்ணன்!

அதிகாரி கத்திய கத்தலைப் பெரிய கிராணி பொறுமையாக விளக்கினார். "சக்கரவர்த்திக்கு விலாவக் காட்டிட்டீங்க தம்பி. சயாம்தான்."

"ஐயா, நான் ஆள் பிடிக்க வந்தவங்க!"

"அதுக்குன்னு தனிச் சலுகை கெடையாது."

அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார். "ஓடு தம்பி. நான் வந்த ரோட்டுலயே போ. நல்ல ரோடு லா."

ஓடினேன். பாதி வழியில் குழாய் கழன்றுகொள்ள, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். வீடு வந்து சேர்ந்து மூச்சு விடுவதற்குள், என்னை ஒப்படைக்கச் சொல்லிப் பெரிய கிராணியே வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இவன் என்ன குற்றம் செய்தான்?" என்று எங்கள் அதிகாரி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

பெரிய கிராணிக்குத் தன் சட்டமே தொண்டையில் சிக்கிக்கொண்டது. "கிழக்கப் பாத்துக் கும்பிட்டாருங்க," என்றார் மெல்ல.

அந்நிய மண்ணிலும் கிழக்கை விடாத வீரன் என்று அதிகாரி என் தோளில் தட்டினார். எல்லார் முன்னாலும் நான் அழுதேன். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு தட்டு தட்டினார். சயாம் பேச்சு அதோடு நின்றது. சின்னசாமி அண்ணனை ஒப்படைக்கச் சொல்லி மறுபடி யாரும் கேட்கவேயில்லை. கேட்டால் ஜப்பான் எங்கே இருக்கிறது என்று இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். சண்டை முடியும்வரை அவர் அங்கேயே வடக்கைக் கும்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்தார்.

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. ஈப்போவில் மூத்த மகள் வீட்டில் லட்டைத் தொட்டால் பெருங்குற்றம். அதனால் அவ்வப்போது சித்தியவானில் இருக்கும் இளையவள் வீட்டுக்கு ஓடிவிடுவேன். மூத்தவள் விடாமல் போன் பண்ணுவாள். "அப்பாவ உடனே அனுப்பி வையி. இங்க லட்டு திருடித் தின்னுட்டு வந்திருக்காரு."

இளையவள் லட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொல்வாள்: "இங்க அது குத்தம் இல்லையேக்கா."