ஜவ்வரிசிக் களத்துல ஒரு நட்சத்திரக் கொத்து

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதானுங்க. ஜவ்வரிசிக் களத்துல ரெண்டு போட்டோ எடுக்கோணும்.

அந்த ரெண்டு போட்டோவை நம்பித்தான் எங்க ஸ்கூல் டெலஸ்கோப்பே இருந்துச்சு.

நான் மல்லசமுத்திரம் பக்கத்துல சயின்ஸ் டீச்சர். மொட்டை மாடியில ஒரு டெலஸ்கோப் வெக்கலாம்னு கரஸ்பாண்டன்ட் ஐயாகிட்ட கேட்டுக் கேட்டு என்ற தொண்டைத் தண்ணி வத்துனதுதான் மிச்சம். ஐயாவுக்குச் சொந்தமா ஜவ்வரிசி செய்யற சேகோ பேக்டரி இருக்குது. தங்கமான மனுசன். ஆனா காரணம் புரியாம ஒரு பல்பு கூட மாத்த மாட்டாரு.

சரி, கண்ணுல காட்டி மயக்கலாம்னு ஒரு படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். விண்வெளியில சுத்தற டெலஸ்கோப் எடுத்தது. லட்சக்கணக்குல நட்சத்திரம் பந்து மாதிரித் திரண்டு நிக்கும், கோளக் கொத்துன்னு சொல்லுவோம். அதோட நட்ட நடு. ஊசி குத்த எடமில்லாம மொய்ச்சுக் கெடக்குது, ஆனா ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது!

ஐயா கண்ணாடியை மாட்டிப் பார்த்தாரு.

"ஏனுங் டீச்சர், நம்ம களத்துல காயற ஜவ்வரிசியாட்டவே இருக்குதுங்க?"

"நட்சத்திரமுங்க ஐயா."

"இந்தச் செவப்பா இருக்கறது?"

"வயசாகி ஊதிப்போன நட்சத்திரமுங்க."

"அப்ப கழிச்சுப் போடறதுங்களா?"

"வானத்துல கழிக்கறதில்லீங்க."

"ம்ம். நாம வாங்கற டெலஸ்கோப்புலயும் இப்படியே தெரியுமுங்களா?"

இங்கதான் நான் வாயை மூடியிருக்கோணும். வாத்தியார் புத்தி விடுதா!

"இல்லீங்க ஐயா. நம்முளுதுல ஓரத்துல பொடிப்பொடியாக் கொஞ்சம் தெரியும். நடுவெல்லாம் பொகையாட்ட ஒரே திட்டா இருக்கும். மேல இருக்கற காத்து ஆடிக்கிட்டே இருக்குதுங்க. அந்த ஆட்டத்துல பக்கத்துப் பக்கத்துல இருக்கற நட்சத்திரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துருது. அதனாலதான் கேமராவைக் காத்துக்கு மேல கொண்டு போயிட்டாங்க."

"காத்து கண்ணுக்கே தெரியாதுங்களே. அது எப்படிங்க மறைக்கும்?"

"நிரூபிச்சே காட்டறனுங்க. உங்க களத்துலயே!"

"காட்டுங்க. எனக்குப் புரிஞ்சுதுன்னா அன்னைக்கே முடிவு பண்ணிரலாம்."

திட்டம் ரொம்ப சுலபம்ங்க. களத்து நடுவுல கறுப்புத் துணியை விரிச்சு, ஜவ்வரிசியில ஒரு கொத்து செய்யறது. நடுவுல நெருக்கமா, ஓரத்துக்குப் போகப்போக எட்ட எட்ட. உச்சி வெயில்ல சிமெண்டுத் தரை கொதிக்கும், அதுக்கு மேல காத்து நெளியும். ஆபீஸ் மாடியில இருந்து அந்தக் காத்து வழியா ஒரு போட்டோ எடுத்தா, கலங்கலா வரும். நேர் மேல ட்ரோனை நிறுத்தி ஒண்ணு எடுத்தா, நெளியற காத்து அவ்வளவா குறுக்க வராது, மணி மணியாத் தெரியும். அவ்வளவுதான்!

ட்ரோனுக்குத் திருச்செங்கோட்டுல கல்யாண வீடியோ எடுக்கற பூபதித் தம்பியைப் புடிச்சேன்.

சனிக்கிழமை வெயில்ல முட்டி போட்டு ஒவ்வொரு மணியாப் பரப்பி முடிச்சேன். முட்டி ரெண்டும் வெந்துபோச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து பார்க்கறேன், கொத்தைக் காணோம்! துணி அழகா மடிச்சு வெச்சிருக்குது.

பக்கத்துல மாவு காயப்போட்டுக்கிட்டிருந்த, களத்துல வேலை பார்க்கற பாப்பாக்கா சிரிச்ச மொகமா வந்தாங்க.

"யாரோ சிந்திப்போட்டுப் போயிட்டாங்க சாமி. நான் கூட்டி அள்ளி மூட்டையில போட்டுட்டேன்."

அந்த மொகத்தைப் பார்த்து என்னத்தைத் திட்டறது?

"அது படம் எடுக்க வெச்சதுங்க்கா."

"அய்யய்யோ! இருங்க, நானும் வாரேன்."

வந்தாங்க. வந்து கோலப்புள்ளியாட்ட நூல் புடிச்ச வரிசையா வெக்கறாங்க.

"வரிசை வேண்டாமுங்க்கா, சிந்துன மாதிரி இருக்கோணும்."

"சிந்துனதைத்தான் கூட்டுனேன். இப்ப மறுபடி சிந்தச் சொல்றீங்க!" பாப்பாக்காவுக்கு என்ற படிப்பு மேலயே சந்தேகம் வந்துருச்சு.

அதுக்குள்ள பூபதி வந்து எறங்குனான். சுத்திமுத்தும் பார்த்தான்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கீங்க்கா?"

"இதுதான் தம்பி." துணியைக் காட்டுனேன்.

கொஞ்ச நேரம் ஜவ்வரிசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பொறவு கேமராப் பையைத் தொறந்தான்.

மொதப் போட்டோ ஆபீஸ் மாடியில இருந்து. ஐயாவும் கூட வந்து நின்னாரு. பெரிய லென்ஸைப் போட்டு எடுத்தான். அடடா! ஓரத்துல நாலஞ்சு மணி, நடுவுல கொழகொழன்னு ஒரே வெள்ளை. ஐயா வாயைப் பொளந்துட்டாரு.

"தயிராட்ட இருக்குதுங்க!"

"காத்துங்க ஐயா! காத்து!"

எனக்குத் தலைகால் புரியல. மனசுக்குள்ள டெலஸ்கோப்பை மாடிக்கு ஏத்தி உறை கூடத் தைச்சுப் போட்டுட்டேன்.

எல்லாருமாக் களத்துக்கு எறங்கி வந்தோம். ட்ரோன் மேல போச்சு. ஸ்கிரீன்ல தம்மாத்தூண்டு வெள்ளைப் பொட்டுதான் தெரியுது.

"மணி தெரியலயே தம்பி. எறக்கு."

எறக்குனான்.

"இன்னும்."

"அக்கா, கல்யாண ஊட்டுல தாலி கட்டறப்பக் கூட இவ்வளவு கிட்டப் போக மாட்டனுங்க."

"பரவால்ல, எறக்கு!"

ட்ரோன் பறக்கறதே கீழ காத்தைத் தள்ளித்தான்ங்கறது ஒரு சயின்ஸ் டீச்சருக்கு அப்ப ஞாபகம் வரல.

மொதல்ல ஓரத்து மணி உருண்டுச்சு. அப்புறம் நடு மணியெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. அப்புறம் துணியே எந்திரிச்சு நின்னுச்சு! பூபதி பதறிப்போய் ட்ரோனைப் பக்கத்துல ஒதுக்குனான். ஒதுக்குனது எங்கன்னு நெனைக்கறீங்க? பாப்பாக்கா காயப்போட்ட மரவள்ளி மாவுக்கு நேர் மேல!

ஒரே வெள்ளை. எதுத்தாப்புல ஆளே தெரியல.

"ஐயோ சாமி, என்ற மாவு!"

"ஐயோ, என்ற ட்ரோன்!"

நான் கையால மாவை வெலக்கிக்கிட்டே ஐயாவைத் தேடுனேன்.

மாவு அடங்குனப்ப ஐயா நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டிருந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, டை அடிச்ச மீசையும் வெள்ளை, கண்ணாடியும் வெள்ளை. டெலஸ்கோப் போச்சு, வேலையும் போச்சுன்னு எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

ஐயா கண்ணாடியைக் கழட்டி, மெதுவாத் தொடச்சு, மறுபடி மாட்டுனாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு!

"டீச்சர், புரிஞ்சுபோச்சுங்க."

"ஐயா?"

"காத்து இருக்கற எடத்துல இருந்துக்கிட்டு ஒண்ணையும் பார்க்க முடியாதுங்க. அவங்க கேமராவை மேல கொண்டு போனது நூத்துக்கு நூறு சரி. என்னமாச் சொல்லிக் குடுத்தீங்க!"

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"அப்ப டெலஸ்கோப்புங்க ஐயா?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். நம்ம மொட்டை மாடியிலயும் காத்துதானுங்களே இருக்குது? வாங்கி வெச்சு என்ன பண்றது?"

"ஐயா, நிலா ரொம்ப நல்லாத் தெரியுமுங்க!"

"நிலா வெறுங்கண்ணுலயே தெரியுதுங்களே."

"சனி கிரகமுங்க! அதோட வளையம்..."

"சனியை நாம எதுக்குங்க தேடிப்போய்ப் பார்க்கோணும்? அது நம்மளைப் பார்க்காம இருந்தாப் பத்தாதுங்களா?"

இத்தனை வருச சர்வீஸ்ல நான் நடத்துன பாடம் ஒருத்தருக்கு முழுசாப் புரிஞ்சது இதுதானுங்க மொதத் தடவை.