மூன்றாம் மாடி, நாலாவது பொத்தான்

இரண்டாம் மாடி நாலாவது வீட்டுப் பொத்தானை அழுத்தினால், நாலாம் மாடி இரண்டாவது வீட்டுக்காரர் பேசினார்.

"குளிக்கிறவனை எத்தனை தடவைதான் கூப்பிடுவீங்க?" என்றது வாசல் சுவரிலிருந்த ஸ்பீக்கர்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் புது பெல்லைச் சரிசெய்ய வந்த புரோகிராமர் வாசற்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். காலையிலேயே முதலாளி போனில் சொல்லியிருந்தார்: "பெல் நல்லா அடிக்குதுன்னு எல்லா வீட்டுக் கையெழுத்தும் இன்னிக்கு வந்தாகணும். ஒண்ணு குறைஞ்சாலும் நாளைக்கு நீ வர வேண்டாம்."

தப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் இருந்தது மாடிக்கொரு பட்டியல். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த மாடியின் வீடுகள். வாசலிலிருந்த பொத்தான் பலகையோ எல்லா மாடியின் முதல் வீடுகளும் ஒரு வரிசை, இரண்டாவது வீடுகள் ஒரு வரிசை என்று கேட்டது. நெடுக்கில் இருப்பதைக் குறுக்கில் புரட்ட வேண்டும்.

"புரோகிராம்ல ஒரே வரிதான் சார். அஞ்சு நிமிஷம்," என்றாள் குடியிருப்புச் செக்ரட்டரியிடம். அந்த ஐந்து நிமிஷத்தை நம்பிக் கெட்டவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

புரட்டினாள். செக்ரட்டரி பலகையை உற்றுப் பார்த்தார். "என் வீட்டையே காணோமேம்மா."

அவர் வீடு மட்டுமல்ல, எந்த மாடியின் நாலாவது பொத்தானிலும் விளக்கு எரியவில்லை.

"மூணாம் மாடிப் பட்டியல்ல ஒண்ணு குறையுதே, அங்க எத்தனை வீடு சார்?"

"மூணுதான். கடைசி ரெண்டையும் ஒண்ணாக்கி, நாலாவது கதவை அடைச்சு ஆறு வருஷமாச்சு. அஞ்சு மாடிக்கும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது வீடு."

அதுதான் வம்பு. புரட்டும்போது கம்ப்யூட்டர் ஆகச் சின்னப் பட்டியலை அளவாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. இல்லாத வீட்டின் இடத்தில் 'காலி' என்று போட்டு மறுபடி புரட்டினாள். செக்ரட்டரியின் வீடு திரும்பி வந்தது. அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, நேற்றுத்தான் வேலைக்கு வந்த வாட்ச்மேனிடம் தாளைக் கொடுத்து மேலே அனுப்பினார்.

ஆனால் இப்போது மூன்றாம் மாடி நாலாவது பொத்தானிலும் விளக்கு எரிந்தது.

இல்லாத வீடுதானே என்று அழுத்திப் பார்த்தாள். உள்ளே எங்கேயோ மணி அடித்தது.

"யாரு?" ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. "இருங்க, வந்துட்டேன். எவ்வளவு நாளாச்சு யாராவது கூப்பிட்டு."

அவள் பொத்தானிலிருந்து விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"பக்கத்து வீட்டு லைன் கலந்திருக்கும்," என்றார் செக்ரட்டரி, இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டே.

மாடியேறிப் போனாள். மூன்று கதவுகள், அப்புறம் வெள்ளையடித்த வெறும் சுவர். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு கீழே வந்தாள். செக்ரட்டரியை எங்கேயும் காணவில்லை. அந்த ஒரு பொத்தானை மட்டும் திருகிக் கழற்றித் தன் கைப்பையின் அடியில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். மற்ற பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக அடித்தன. வேலை தப்பியது என்று அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

வாட்ச்மேன் தாளோடு இறங்கி வந்தார்.

"எல்லாரும் போட்டாச்சா அண்ணே?"

"பத்தொன்பது வீடும் போட்டாச்சும்மா," என்றார் அவர். "மூணாம் மாடி நாலாவது வீட்டம்மாதான், உங்க பையில இருக்கிற பொத்தானைத் திருப்பிக் குடுத்தாத்தான் போடுவேன்னு கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க."